எந்தத் தாளில் கையெழுத்து?

அத்தியாயம் 17

"விஜயம்மாளை ஏன் ஐயா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தீர்?" என்று இந்த வாரமும் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் படுக்க வைக்கவில்லை. அவள் வயிற்றில் வளர்ந்த கட்டி படுக்க வைத்தது. கோபத்தை அதன்மேல் காட்டுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாறசாலை நெசவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் குமாரிதான் நம் கதாநாயகி. விஜயம்மா அவளுடைய ஓரகத்தி. அதாவது கணவன் சதாசிவனின் அண்ணன் தாணுவுக்கு மனைவி. தாணு நெசவாளி. மனைவியின் முதல் வைத்தியத்திலேயே அவருடைய தறிகளில் ஒன்று போய்விட்டது. இப்போது நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி டாக்டர், திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால்தான் உண்டு, அதுவும் இந்த மாதத்துக்குள் என்று சொல்லிவிட்டார்.

விஜயம்மாளிடம் மட்டும் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா இதே மாதிரிக் கட்டிக்காக ஆபரேஷன் மேஜையில் ஏறி, இறங்காமலே போனவள். உண்மையைச் சொன்னால் விஜயம்மா துணிமணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று எல்லோருக்கும் பயம்.

இந்த நிலையில்தான் குமாரி ஒரு மனு எழுதினாள். ஆலைத் தொழிலாளிக்குச் சர்க்கார் நோய் இன்ஷூரன்ஸ் கொண்டுவருகிறதே, வீட்டில் தறி போட்டவனுக்கும் பனை ஏறுகிறவனுக்கும் கடலுக்குப் போகிறவனுக்கும் நோய் வராதா? மாதாமாதம் அவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் கட்டத் தயார், சர்க்காரும் கொஞ்சம் போட்டு இவர்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். இதுதான் மனு. இதை விசாரிக்க ஒரு குழு ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. ஐந்நூறு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரே ஒரு கையெழுத்து, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் நெய்யாற்றின்கரையில் அதிகாரிகள் வந்து தங்கும் முசாவரி பங்களாவில் மனு சேர வேண்டும் என்பது நிபந்தனை.

மனு சேர்ந்தால், அவசர வைத்தியம் வேண்டிய பத்துப் பேரைச் சோதனைக்காக உடனே திருவனந்தபுரத்தில் சேர்த்துக்கொள்வார்கள். குமாரி எழுதிய பட்டியலில் முதல் பெயர் விஜயம்மா.

நேரம் மட்டும் நல்ல நேரமாக இல்லை. இது 1956 ஆடி மாதம். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கப்போகிறார்கள், தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே எல்லை எங்கே விழும் என்று தெரியவில்லை. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போகின்றன என்கிறார்கள். பாறசாலை? போகாது என்கிறது ஒரு பேப்பர். போக வேண்டும் என்கிறது இன்னொரு பேப்பர். திருவனந்தபுரத்தில் மந்திரிசபை கவிழ்ந்து நாலு மாதமாகிறது. யாரிடம் கேட்டால் யார் கொடுப்பார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குமாரி சங்கத்து மேஜையில் இரண்டு மனுக்கட்டுகளையும் விரித்து வைத்து, வீட்டு நம்பர்ப்படி பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள்.

மனு ஒன்றுதான். ஆனால் தமிழ் மட்டும் வாசிக்கிறவர்களுக்குத் தமிழில் ஒரு கட்டு, மலையாளம் மட்டும் வாசிக்கிறவர்களுக்கு மலையாளத்தில் ஒரு கட்டு. வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவள் நியாயம். பன்னிரண்டு நாளாக இரண்டும் இதே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தமிழில் முந்நூற்றுப் பதினெட்டு, மலையாளத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. ஆக அறுநூற்றுப் பதினாலு. நேற்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

இப்போது பேனா நின்றது. பொன்னுதாஸ் என்ற பெயர் தமிழ்க் கட்டில் இருந்தது. மலையாளக் கட்டிலும் இருந்தது. அதே வீடு.

மறதியாக இருக்கும் என்று அடுத்ததைப் பார்த்தாள். ரெத்தினதாஸ், இரண்டிலும். சத்தியபாய், இரண்டிலும். எண்ணிக்கொண்டே போனாள். நூற்று எழுபத்தொரு குடும்பங்கள் இரண்டிலும் போட்டிருந்தன.

நல்ல வேளையாக அல்லது கெட்ட வேளையாக, பொன்னுதாஸே நெய்த துணியை ஒப்படைக்கத் தலைச்சுமையோடு வந்து சேர்ந்தார்.

"பொன்னுதாஸண்ணே, ரெண்டு தாள்லயும் போட்டிருக்கிய. எதுக்காக்கும்?"

"பின்னே? தமிழுத் தாளு மெட்ராசுக்குப் போவும். மலையாளத் தாளு திருவனந்தபுரத்துக்குப் போவும். நாம நாளைக்கு எந்தப் பக்கம்ணு யாரு கண்டா? எந்தப் பக்கமானாலும் தீனமும் நோவும் வருமில்லியா. ரெண்டு பேருட்டயும் சொல்லி வச்சா ஒரு தைரியமாக்கும்."

"ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போவுது அண்ணே. ஒரே மனு. ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்துதான் செல்லும்."

"அதெப்படி? உங்க வீட்டு சாறு அப்படிச் சொல்லல்லியே."

"எனக்க வீட்டு சாறா?"

"உனக்க மாப்பிளதான், வாத்தியாரு சாறு. தமிழுத் தாள்ல போடுங்க, நாம எத்தனை பேருண்டுண்ணு அவனுவளுக்கு விளங்கட்டும்ணு சொன்னாரு. அதுக்குப் பொறவு உனக்க தம்பி வந்து மலையாளத் தாள்ல போடணும்ணு சொன்னான். ரெண்டு பேரும் நம்ம ஆளு. யாரைப் பிணக்குகது?"

யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லாத நல்ல மனிதர்கள் நூற்று எழுபத்தொரு பேர். அறுநூற்றுப் பதினாலில் அதைக் கழித்தால் நானூற்று நாற்பத்து மூன்று. ஐந்நூறுக்கு ஐம்பத்தேழு குறைவு. குமாரி மூன்று தடவை கழித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

குற்றவாளிகள் இருவரும் ஒன்பது மணி பஸ்ஸுக்குச் சங்கத்து வாசலுக்குத்தான் வர வேண்டும். வந்தார்கள், வழக்கம்போல் ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

சதாசிவன் டுடோரியல் காலேஜில் வாத்தியார். இரண்டு வருஷத்துக்கு முன் எல்லைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவன். பாறசாலை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று இரவு பகலாக அலைகிறவன். குமாரியின் தம்பி ஜெயச்சந்திரன் நெய்யாற்றின்கரையில் சொத்து ஆதாரம் எழுதுகிறவன். பத்திரம், பட்டா எல்லாம் மலையாளத்தில்தான் அவனுக்குப் பிழைப்பு. எல்லை நகர்ந்தால் பிழைப்பும் நகரும். இரண்டு பேரும் குமாரி போட்ட சோற்றை ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள்தான். இப்போது ஜெயச்சந்திரன் மலையாளத்தில் 'அளியன்' என்று கூப்பிட்டால் சதாசிவன் அதைத் தமிழில் 'மச்சினன்' என்று திருத்துகிறான்.

குமாரி இரண்டு கட்டையும் அவர்கள் முன்னால் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். குரல் உயரவில்லை. அதுதான் இருவருக்கும் பயத்தைக் கொடுத்தது.

"நான் யாரையும் மலையாளத்துல போடாதேண்ணு சொல்லல்ல," என்றான் சதாசிவன். "தமிழ்ல கூடுதல் பேர் போட்டா, இந்த ஊர் யாருக்க ஊருண்ணு கமிட்டிக்காரனுக்கு விளங்கும்ணு நினைச்சேன். அவ்வளவுதான்."

"அளியன் அப்படிச் செய்தா நான் சும்மா இருக்க முடியுமா சேச்சி?" என்றான் ஜெயச்சந்திரன். "எங்க பக்கத்திலயும் ஆளுண்டுண்ணு காட்டண்டாமா?"

"காட்டியாச்சில்லியா," என்றாள் குமாரி. "இப்ப விஜயம்மக்காவுக்க வயித்தில வளரதுக்கு வழி சொல்லுங்க. அது தமிழா, மலையாளமா?"

சதாசிவன் மனசுக்குள், 'மைனி' என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டான். தாயில்லாத வீட்டில் அவனுக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டிய அண்ணி விஜயம்மாதான். அதை நினைத்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"முதல்ல ரெட்டிப்பை அடிக்கணும்," என்றாள் குமாரி.

"எதுல அடிக்கது?" இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

குமாரி கணவனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒத்தை நம்பர் வீடு தமிழ்ல அடியுங்க. ரெட்டை நம்பர் வீடு மலையாளத்துல அடி. ஒருத்தர் அடிக்கத மத்தவரு பாத்துக்கிடுங்க."

டுடோரியலுக்கும் லீவு, ஆதாரத்துக்கும் லீவு. நூற்று எழுபத்தொரு கோடு அடித்து முடிக்கப் பத்தரை மணி ஆயிற்று. மிச்சம் ஐம்பத்தேழு குடும்பத்துக்கு எங்கே போவது? நெசவாளர் தெரு முழுக்க ஏற்கெனவே போட்டாயிற்று. போடாதவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான், கடற்கரைக்காரர்கள்.

காரோட்டுக் கடற்கரைக்கு மூவரும் பஸ்ஸில் போய் இறங்கியபோது பதினொன்றரை. ஆடிக் கடல் மலை மலையாக வந்து மோதிக்கொண்டிருந்தது. வள்ளங்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆண்கள் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தொழிலுக்கு அது பஞ்ச காலம். குமாரிக்கு அன்று அது அதிர்ஷ்டம், எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

பாறசாலைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் ஜெம்மாவை அவளுக்குப் பழக்கம். ஜெம்மாவின் புருஷன் ததேயூஸ் கையில் வலை பின்னும் கோலோடு நிமிர்ந்து பார்த்தான்.

"நாங்க ஒரு தாள்லயும் போடல்ல, போடவும் மாட்டோம்," என்றான். "கரையில உள்ளவனுக்க சண்டைக்குக் கடல்ல உள்ளவன் எதுக்கு?"

"இது எல்லை மனு இல்ல அண்ணே. தீனத்துக்குள்ளதாக்கும்."

"போன மாசம் வந்தவனும் இப்படித்தான் சொன்னான். கையெழுத்தைக் கொடுத்தா எங்களை எங்க கொண்டு சேப்பியளோ."

குமாரி விளக்க ஆரம்பித்தாள். காப்புத் தொகை என்றாள், பங்களிப்பு என்றாள், சகாய நிதி என்றாள். நாலு நாள் உட்கார்ந்து படித்து வைத்திருந்தவை எல்லாம் வாயிலிருந்து வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். சதாசிவன் உதவிக்கு வந்து மேல்நாட்டில் எப்படி என்று ஆரம்பித்தான். ஜெயச்சந்திரன் சட்டத்தின் பிரிவைச் சொன்னான். விஷயம் முற்றிலும் குழம்பியது.

ஜெம்மா மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எலியாவுக்குக் கால் ஒடிஞ்சு எத்தனை மாசமாச்சு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏழு," என்றார்கள்.

"ஏழு மாசமா அவன் வள்ளத்தில ஏறல்ல. மீன் பங்கு வைக்கும்போ அவனுக்கு ஒரு பங்கு மாத்தி வைக்காம இருந்தியளா?"

"அதெப்படி வைக்காம இருக்க முடியும்? நாளைக்கு எனக்கும் ஒடியுமில்லியா," என்றான் ததேயூஸ்.

"அதைத்தான் இவ சர்க்காரு வள்ளத்தில வைக்கச் சொல்லுகா. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போடணும், விழுந்தவனுக்கு ஒரு பங்கு. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?"

குமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு நாள் படிப்பு ஒரு மீன்கூடைக்குக் கீழே போனதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

"செரி, போடுகோம்," என்றான் ததேயூஸ். "எந்தத் தாள்ல?"

பழக்க தோஷம் என்பது இதுதான். சதாசிவன் தமிழ்க் கட்டை நீட்டினான். அதே நொடியில் ஜெயச்சந்திரன் மலையாளக் கட்டை நீட்டினான். ததேயூஸ் கையை இழுத்துக்கொண்டான்.

"பாத்தியா ஜெம்மா? தீனத்துக்குண்ணு சொன்னாவ. இதில ஒண்ணைத் தொட்டா மத்தவனுக்குப் பகை. எனக்கு வேண்டாம்."

ஒரு கணம் எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் குமாரி. பிறகு அவளுக்கு வந்த கோபத்தில் இரண்டு கட்டையும் பிடுங்கினாள். தைத்திருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தமிழ்த் தலைப்பையும் மலையாளத் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே எல்லாத் தாளையும் ஒன்றாக அடுக்கி, ததேயூஸிடம் நீட்டினாள்.

"அண்ணே, அந்த வலை நூலால இதை ஒண்ணாத் தைச்சுத் தாருங்க. பிரியாதபடி."

ததேயூஸ் தாளைப் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு இரண்டு எழுத்தும் தெரியாது. ஆனால் தையல் தெரியும். கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டுத் தைத்தான். தைத்து முடித்து முதல் கைநாட்டையும் அவனே வைத்தான். ஆதாரம் எழுதுகிறவனின் பையில் மைப்பெட்டி இல்லாமல் இருக்குமா? ஜெயச்சந்திரன் மையை நீட்ட, சதாசிவன் பெயரைக் கேட்டு எழுத, கிரகோரி, ஆலீஸ் என்று வரிசை நீண்டது. ஒன்றரை மணிக்குள் அறுபத்தொரு குடும்பம். மொத்தம் ஐந்நூற்று நாலு.

திரும்பி வரும் பஸ்ஸில் மைத்துனர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேசவில்லை. ஆனால் உட்கார்ந்தார்கள்.

நெய்யாற்றின்கரை முசாவரி பங்களாவில் குழு என்று ஒன்றும் இல்லை. ஒரே ஓர் அதிகாரிதான் இருந்தார். மற்ற இரண்டு பேர் வயிற்றுப்போக்கினால் வரவில்லையாம். நோய் இன்ஷூரன்ஸ் கமிட்டிக்கே நோய் வந்ததில் ஜெயச்சந்திரனுக்குச் சிரிப்பு வந்தது, அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அதிகாரி மலையாளத்தில்தான் பேசினார். உங்கள் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.

மணி மூன்றரை. அவர் மனுவைப் பார்த்தார். வலை நூலைப் பார்த்தார். "இது என்ன, மீன் பிடிக்கவா?" என்று கேட்டார். ஆனால் பொறுமையாக எண்ணினார். அடித்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"ஐந்நூற்று நாலு. எடுத்துக்கொள்கிறேன்."

சதாசிவன் குமாரியின் தோளைத் தொட்டான். அவளுக்கு அழ வேண்டும் என்று தோன்றியது, சந்தோஷத்தில்.

அதிகாரி நோயாளிகள் பட்டியலை எடுத்தார். கூடவே பெட்டியிலிருந்து இன்னொரு பழைய கட்டையும் எடுத்து, பெயர்களை ஒத்துப் பார்த்தார்.

"ஒன்பது பேர் சரி. முதல் பெயரை எடுத்துவிட வேண்டும்."

"ஏன்?" என்றாள் குமாரி.

"விஜயம்மாளின் கணவர் தாணு. பாறசாலையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன வருஷம் போன மகஜரில் இவர் கையெழுத்து இருக்கிறது. இந்தப் பத்துப் பேரின் செலவை இந்த ராஜ்யம் ஏற்கிறது. வேறு ராஜ்யத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களை இதில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பொதுமனுவுக்கு அது தடையில்லை. பத்துப் பேருக்குத்தான்."

அவர் பழைய கட்டைத் திருப்பிக் காட்டினார். நீல மையில், அழகான கையெழுத்தில், தாணு.

குமாரி அந்த எழுத்தைப் பார்த்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு வந்த கடிதங்களெல்லாம் அதே எழுத்தில்தான் இருந்தன. அவள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று சதாசிவனுக்குத் தெரியும். ஒரு பெயர் பொய் என்று ஆனால் அந்த மகஜரில் உள்ள ஆயிரக்கணக்கான பெயர்களையும் சந்தேகப்படுவார்கள். தடியடி பட்டவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் மைனி.

"அது அண்ணன் போட்டதில்ல," என்றான். "நான் போட்டது. அண்ணனுட்டக் கேக்கல்ல."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"வாத்தியார் இல்லையா நீங்கள்?"

ஜெயச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். கள்ளக் கையெழுத்துக்கு என்ன தண்டனை என்று அந்த அறையில் மற்ற எவரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். அளியனை மட்டம் தட்ட இதைவிட நல்ல சமயம் வராது. ஆனாலும் அவனுக்கு அதில் ஒரு ருசியும் இல்லை.

அதிகாரி இப்போது புது மனுவைப் புரட்டினார். வலை நூல் தடுக்கியது. பதினொன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்கேயும் ஒரு தாணு இருக்கிறார். இது வேறு எழுத்து. இது யார் போட்டது?"

காலையிலிருந்து ஊரார் கையெழுத்தையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்த குமாரி, இந்த ஒன்றை நினைக்கவே இல்லை. சங்கத்தில் தாணு துணி ஒப்படைக்கும்போதெல்லாம் அவர் கையில் சாயமாக இருக்கும். "நீயே போட்டுக்கோ பிள்ளே" என்று போய்விடுவார். ஆறு வருஷமாக ரிஜிஸ்தரில் அவர் பெயரை அவள்தான் எழுதுகிறாள். மனுவில் எழுதும்போதும் அவளுக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. நம் வீட்டுப் பெயர்தானே என்று எழுதிவிட்டாள்.

"நான்," என்றாள்.

"கேட்டீர்களா?"

"இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமாக இல்லை. சலிப்பாகத்தான் இருந்தார்.

"ஐந்நூற்று நாலில் இதுபோல் இன்னும் எத்தனை?"

"இது ஒண்ணுதான். சத்தியமாட்டு."

"இந்த ஒன்றை அடித்தாலும் ஐந்நூற்று மூன்று நிற்கும். மனு பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பெண்ணின் இடம்..." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. "ஐந்து மணிக்கு என் கார் கிளம்பும். அதற்குள் அந்தத் தாணுவையே நேரில் கூட்டிவாருங்கள்."

ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷ நடை, பங்களா வாசலிலிருந்தே அதன் கேட் தெரியும். ஜெயச்சந்திரன் ஓடினான். தாணு மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். வழியிலேயே ஜெயச்சந்திரன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

அதிகாரி இரண்டு தாள்களையும் அவர் முன்னால் வைத்தார். "இதில் எது உம்முடைய கையெழுத்து?"

'புதுசைத் தொடுங்க அத்தான்' என்று குமாரி தாணுவைக் கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு விரல் அதன்மேல் பட்டால் போதும், இன்றைக்கே ஆம்புலன்ஸ்.

தாணு இரண்டையும் வாசித்தார். நிதானமாக வாசித்தார்.

"ரெண்டும் எனக்க பேருதான்," என்றார். "ரெண்டும் நான் போட்டதில்ல."

"சரி. உண்மை. இப்போது நீர் போடும். மகஜரில் இருப்பது உமது கையெழுத்து இல்லை, நீர் இந்த ராஜ்யத்திலேயே இருக்கச் சம்மதம், மனைவிக்கு இங்கே ஆபரேஷன் செய்யவும் சம்மதம் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவள் பெயர் இருக்கும்."

காகிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார்.

தாணு பேனாவை எடுக்கவில்லை. துண்டை மடித்து மடித்துத் தோளில் போட்டார்.

"நான் எந்த ராஜ்யம்ணு இதுவரை ஒருத்தரும் எனட்டக் கேட்டதில்ல சாறே. நானும் நினைச்சதில்ல. அதை எப்படி வேணும்னாலும் எழுதுகேன். ஆனா ஆபரேஷனுக்குச் சம்மதம்ணு நான் எழுத முடியாது. உடம்பு அவளுக்க உடம்பு. அவளுட்டக் கேட்டுட்டு வாறேன்."

"அண்ணே," என்றான் சதாசிவன். "மைனிக்கு அது புண்ணுண்ணுதானே தெரியும். எப்படிக் கேப்பிய?"

"சொல்லித்தான் கேக்கணும்."

"சொன்னா அக்கா வீட்டுக்குப் போயிருவா அத்தான்," என்றாள் குமாரி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவளுக்க அம்மைக்கு வந்தது தெரியுமில்லியா. கத்தியைக் காட்டவே விடமாட்டா. எழுதிக் கொடுங்க. பொறவு பைய சொல்லலாம்."

தாணு அவளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் குமாரி தாங்கியிருப்பாள்.

"நீங்க ரெண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் எனக்க பேரை எழுதினிய," என்றார். "கேட்டிருந்தா நானே போட்டிருப்பேன். இப்ப அவளுக்குப் பதிலா நான் எழுதினா, அதும் அதே காரியந்தான் பிள்ளே."

அவர் அதிகாரியைக் கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாலு இருபத்தைந்து.

சதாசிவன் குமாரியின் காதருகே குனிந்தான். "ஓடிப் போய்த் தடுக்கட்டா?"

தடுத்தால் தாணுவின் பெயரை இன்னொரு தடவை குமாரியே எழுதியதாகும். தடுக்காவிட்டால், பன்னிரண்டு நாள் அலைந்து வாங்கிய திருவனந்தபுரத்துப் படுக்கை இன்னும் அரைமணி நேரத்தில் வேறு யாருக்கோ போகும், விஜயம்மா பாறசாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பாள். எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுமே சரி என்றும் தோன்றியது, இரண்டுமே பாவம் என்றும் தோன்றியது.

அவள் வாசலுக்கு வந்து நின்றபோது தாணு ரோட்டைக் கடந்து, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.